எறும்பு தின்ற கைநாட்டு

வியாசர்பாடி மலர்க்கொடி உள்ளங்கையை வைத்தால் எந்த மாவும் ஏழு நிமிடத்தில் சர்க்கரைப் பாகாகிவிடும். அரிசி, மைதா, கேழ்வரகு, மரவள்ளி எதுவானாலும் ஏழு நிமிடம்தான்; மார்கழியில் ஒன்பது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், இங்கே யாரும் அவர்களைக் கெஞ்சவில்லை. அது தொடங்கியது 2011 நவம்பரில், திருவொற்றியூர் தாண்டி இருக்கும் ஒரு குளுக்கோஸ் கம்பெனியில் அவள் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்து இரண்டு மாதம் முடிந்தபோது. சேலத்துப் பக்கமிருந்து லாரியில் வரும் கிழங்கு மாவை அங்கே பெரிய தொட்டியில் கரைத்து, வேகவைத்து, ஆறவைத்து, நீலக் கேனில் வரும் பழுப்புத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிவிட்டு இரண்டரை நாள் காத்திருப்பார்கள். மாவு குளுக்கோஸாகும். அந்தப் பழுப்புத் தண்ணீருக்கு நொதி என்று பெயர். காலிக் கேன்களைக் கழுவுவது மலர்க்கொடியின் வேலை. கையுறை பர்மனென்ட் ஆட்களுக்கு மட்டும் என்பதால் வெறுங்கையால் கழுவினாள். ஒரு செவ்வாய்க்கிழமை, தொட்டியின் ஓரத்தில் கட்டியாக ஒட்டியிருந்த மாவை வழித்துவிடக் கையை உள்ளே விட்டாள். டீ வந்து, எல்லோரும் குடித்து முடிப்பதற்குள் பன்னிரண்டாயிரம் லிட்டர் கஞ்சியும் பாகாகிவிட்டது. சூப்பர்வைசர் மூன்று முறை நக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆய்வகத்தில் இருந்த சித்தார்த் புளியந்தோப்புக்காரன், ரசாயனம் படித்தவன், பர்மனென்ட். மாவு இருந்தால் அயோடின் சொட்டு கருநீலமாகும். அன்று பத்துச் சொட்டு விட்டும் நிறம் மாறவில்லை. கேன் கழுவினால் நொதி தோலுக்குள் போகவே போகாது என்று அடித்துச் சொன்னான், பிறகு வேறு புட்டியிலிருந்து இன்னும் பத்துச் சொட்டு விட்டுப் பார்த்தான். ஆனாலும் நொதி என்றால் என்ன என்று அவளுக்கு ஒழுங்காகச் சொன்னவன் அவன் ஒருவன்தான். "அக்கா, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டாண்ட நிக்கிறோமே, கூட்ஸு வந்துச்சுன்னா அவ்ளோதான், பொழுது போய்டும். சப்வே இருந்தா கீழ பூந்து போய்கினே இருக்கலாம். நொதி அந்த சப்வேதான். மாவு தானாவும் சக்கரை ஆவும், ஆனா அதுக்குள்ள நம்மள மூலக்கொத்தளத்துல பொதச்சிருப்பாங்கோ. நொதி இருந்தா சட்டுனு ஆவுது. அதுக்கோசரம் சப்வே உன் கூடவே வூட்டுக்கா வருது? அது தேயாது, தீராது, அங்கேயேதான் கீது, அடுத்த ஆளுக்கு." எல்லார் உடம்பிலும் ஆயிரக்கணக்கில் நொதி இருக்கிறதென்றும், வெறும் சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிப்பது எச்சிலில் இருக்கும் நொதியால்தான் என்றும், வயிற்றில் கறியை உடைப்பது வேறு, கொழுப்பை உடைப்பது வேறு என்றும் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம், அதில் பொருந்தும் பொருளைத்தான் அது தொடும், பூட்டும் சாவியும் போல. மலர்க்கொடியிடம் இருப்பது மாவுக்கான சாவி மட்டும்.

அந்த ஒற்றைச் சாவியை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு இருக்கிறதே! வீட்டில் தோசை மாவைத் தொட முடியாது. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டால் கடைசிக் கவளம் சாம்பார் ஊற்றிய பாயசமாக இருக்கும். துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் அவள் புருஷன் அப்பாவு, டியூட்டி முடிந்து வந்து அவனே உலை வைத்தான். அவள் கரண்டியால் சாப்பிடுவதைப் பார்த்து குடியிருப்பு முழுக்க துரைசானி என்று கிண்டல் செய்தது. பேருந்து நிறுத்தத்துச் சுவரில் கை ஊன்றி நின்றால் மைதா பசை உருகி இரண்டு அரசியல் மாநாடும் ஒரு காதணி விழாவும் வழுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். கம்பெனியில் ஒரு நாள் ஈரத் தரையில் வழுக்கியவள், பிடிமானத்துக்கு ஒப்பந்தக்காரர் வெற்றியின் தோளைப் பிடித்தாள். கஞ்சி போட்டு மொடமொடவென்று நின்ற வெள்ளைச் சட்டை பழைய துண்டு மாதிரித் தொங்கிப்போய், மதியத்துக்குள் அவர் காலரில் எறும்பு ஏறிவிட்டது. வெற்றி அதை மறக்கவே இல்லை. இதெல்லாம் கூடப் பரவாயில்லை. முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்த சமயம், எண்ணூர் குப்பத்து மாரியப்பன் கறுத்துப்போன வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தேடி வந்தார். அரை மணி நேரம் தேய்த்தாள். ஒரு கண்ணி கூட வெளுக்கவில்லை. "எண்ணெய்க்கு வேற நொதி வோணுமாம்ண்ணே, என்னாண்ட அது இல்ல" என்று சொல்லிவிட்டு, தேவையில்லாத இடத்தில் எல்லாம் வேலை செய்யும் கையைப் பார்த்து அழுதாள்.

கம்பெனிக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீலக் கேன் வாங்குவதை நிறுத்திவிட்டது. தொட்டியருகே ஒரு மரப்படி போட்டு, அதன்மேல் மலர்க்கொடியை நிற்கவைத்தார்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தொட்டி. சோப்பு போட்டுக் கழுவினால் கை மந்தமாகிறது என்று கண்டுபிடித்து அவளுக்குச் சோப்பைத் தடை செய்தார்கள். புளித்த தண்ணீர், உப்புத் தண்ணீர் எல்லாவற்றிலும் தனித்தனியாகக் கையை முக்கவைத்து எதில் வேகம் அதிகம் என்று பார்த்தார்கள். 2016-இல் ஆர்டர் அவசரம் என்று சொல்லி, கஞ்சி ஆறுவதற்கு முன்பே கையை உள்ளே விடச் சொன்னார்கள். முழங்கைவரை வெந்துபோயிற்று. இருபத்திரண்டு நாள் அந்தக் கை எந்த மாவையும் தொட்டுப் பயனில்லை. சூட்டில் நொதியின் வடிவமே குலைந்துபோகும், அவித்த முட்டை மறுபடி பச்சையாகாது என்றான் சித்தார்த். புதுத் தோல் முளைத்தபின் எல்லாம் பழையபடி நடந்தது. அந்த இருபத்திரண்டு நாளும் அவளுக்குக் கூலி இல்லாத நாள். பர்மனென்டாக இருந்திருந்தால் வீட்டில் படுத்துக் கைக்கு மருந்து போட்டிருக்கலாம். அதற்குப் பிறகு அவளுக்கு அந்த ஒரு ஆசைதான்.

இரண்டு வருடத்துக்குள் நானூற்று எண்பது நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, யார் இல்லை என்றது? தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதினாள். பிளஸ் டூ தேறியவள், முழுப் பெயரையும் சுழித்து எழுதுவாள். அங்கேதான் வந்தது வினை. காகிதம் விறைப்பாக இருப்பதற்கு ஆலையில் அதற்கும் கஞ்சி சேர்க்கிறார்கள். பேனா பிடித்த விரலின் வியர்வை இறங்கிய இடம் சர்க்கரையாகும். மூன்றாம் நாள் எறும்பு வந்து கையெழுத்தை மட்டும் சுத்தமாகத் தின்றுவிட்டுப் போகும். கையொப்பமில்லாத மனு பரிசீலிக்கப்பட மாட்டாது என்று பதில் வரும். கடையில் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு எழுதினாள். மணிக்கட்டு வழியாக வியர்வை வழிந்து காகிதத்தில் சொட்டியது, ஊர் சென்னை அல்லவா. அவளுக்காக அப்பாவு கையெழுத்துப் போட்டான். மனுதாரரே போட வேண்டும் என்று திரும்பி வந்தது. இப்படி ஆறு வருடத்தில் ஒன்பது மனு. "ஊரான் மாவெல்லாம் சக்கரையாவுது, என் காயிதம் மட்டும் எறும்புக்கு எரையாவுது. இன்னாய்யா பொழப்பு இது?" என்று அவள் கத்தியது மூன்றாவது மாடியிலிருந்து தெருக்குழாய்வரை கேட்டது.

பத்தாவது மனுவுக்கு அப்பாவு நேராக ஃபிளெக்ஸ் பேனர் கடைக்குப் போனான். பிளாஸ்டிக்கில் மாவு இல்லையே! மூன்றடிக்கு நாலடி. கடைக்காரர் சுஹைப் பழக்கதோஷத்தில் சுற்றிலும் ரோஜாப்பூ வைத்து, மலர்க்கொடியின் கைகூப்பிய படத்தைப் போட்டு, அடியில் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்ற வரியையும் எடுக்க மறந்துவிட்டார். அவள் பெயிண்டில் கையெழுத்திட்டாள். அந்த வருடம் புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி ஷம்ஷாத் அம்மையார் அதைக் கோப்பில் மடித்து வைக்க முடியாமல் சுவரில் மாட்டச் சொன்னார். வந்தவன் போனவன் எல்லாம் நின்று படித்தான். பிறந்தநாள் யாருக்கு என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், நாற்பத்தோராம் நாள் அவர் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார்.

விசாரணைக்குக் கம்பெனி வக்கீல் தைரியமாகவே வந்தார். வெற்றியிடம் ஒரு வழக்கம் உண்டு. நாற்பது பேரும் நின்று பெயர் எழுதினால் நேரமாகிறது என்று, படித்தவர்களையும் வருகைத் தாளில் கைநாட்டுத்தான் வைக்கச் சொல்வார். கட்டைவிரலை மையில் ஒற்றும்போதெல்லாம் மலர்க்கொடிக்கு வயிறு எரியும். அந்தத் தாள்கள் காலையிலேயே அலுவலகத்துக்குப் போய்விடும், மாதக் கடைசியில் கட்டித் தைத்துவிடுவார்கள். அதையெல்லாம் வக்கீல் மூட்டையாகக் கொண்டு வந்திருந்தார். முதல் இரண்டு மாதத்தில் மலர்க்கொடியின் கைநாட்டு ஐம்பத்திரண்டு இருக்கிறது, அதன்பின் ஒன்றுகூட இல்லை, ஆகவே ஐம்பத்திரண்டு நாளில் அவர் நின்றுவிட்டார் என்றார். பன்னிரண்டு வருடம் எங்கே நின்றாளாம் அவள்?

ஷம்ஷாத் ஒரு கட்டைப் பிரித்தார். மலர்க்கொடியின் பதினேழாவது வரிசையில், கைநாட்டு இருக்க வேண்டிய கட்டத்தில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு ஓட்டை இருந்தது. அடுத்த தாளிலும் இருந்தது. அதற்கடுத்த தாளிலும். கட்டை அப்படியே தூக்கிப் பிடித்தபோது எதிரே உட்கார்ந்திருந்த வக்கீலின் மூக்கு தெரிந்தது. பூச்சி அரித்திருக்கும் மேடம் என்றார் வக்கீல். "பூச்சி வரிசை நம்பர் பாத்தா அரிக்குது?" என்று கேட்டுவிட்டு, ஷம்ஷாத் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மலர்க்கொடி, வக்கீல், வெற்றி, டைப்பிஸ்ட் நான்கு பேரையும் கைநாட்டு வைக்கச் சொன்னார். தாளை ஜன்னலோரம் வைத்துவிட்டு, எறும்பு வரும்வரை விசாரணை ஒத்திவைக்கப்படுகிறது என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார். அந்தக் குறிப்பு இன்றும் இருக்கிறது. மூன்றாம் நாள் எல்லோரும் வந்து பார்த்தபோது மூன்று கைநாட்டும் ஒரு ஓட்டையும் இருந்தன. அதன்பின் இரண்டு குமாஸ்தாக்கள் நாலு நாள் உட்கார்ந்து ஓட்டைகளை எண்ணினார்கள். மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம்.

வக்கீல் விடவில்லை, அதற்குத்தானே வந்திருக்கிறார். சித்தார்த்தின் ஆய்வக அறிக்கையையே எடுத்து வாசித்தார். நொதி என்பது வேலையை வேகப்படுத்தும், விளைபொருளில் சேராது, செலவாகாது, தேயாது, வந்தபடியே திரும்பும். இவரைக் கம்பெனி நொதியாகத்தான் பயன்படுத்தியது, சட்டம் தொழிலாளிக்கு, நொதிக்கு அல்ல என்றார். கேட்டுக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் இதையும் அடிக்கலாமா என்று ஷம்ஷாத்தைப் பார்த்தார்.

மலர்க்கொடி எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், அதற்கே கொஞ்ச நேரம் ஆனது. புடவையை முட்டிக்கு மேலே இழுத்து, வீங்கிக் கிடந்த இரண்டு முட்டியையும் காட்டினாள். "நொதி தேயாது சார், ஒத்துக்கிறேன். கையில கீறது தேயல, அது அப்படியேதான் கீது. நான் தேஞ்சிகினே வரேன். பன்னெண்டு வருசம் அந்தக் கட்டை மேல நின்னு நின்னு முட்டி தேஞ்சி போச்சி, படி எறங்க முடியல. இடுப்பு போச்சி. கை வெந்தப்போ கத்துனது நொதியா சார்? நான் சார்." வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார். வெற்றி, யாரும் கேட்காமலே, வெளியே போய் நின்றுகொண்டார்.

உத்தரவு வர இன்னும் ஏழு மாதம் ஆனது, வராமல் இருக்கவில்லை. கைநாட்டும் ஓட்டையுமாகச் சேர்த்து நானூற்று எண்பது ஆன நாளிலிருந்து அவர் நிரந்தரத் தொழிலாளி என்று அதில் எழுதியிருந்தது. கம்பெனி மேல்முறையீடு பற்றி ஒரு வாரம் பேசியது, பிறகு தொட்டியில் கிடந்த கஞ்சியைப் பார்த்துவிட்டுப் பேசுவதை நிறுத்தியது. பர்மனென்ட் ஆன மறுநாள் காலை மலர்க்கொடி கம்பெனிக்குத் தந்த முதல் காகிதம் விடுப்பு விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் முட்டி வலி என்று எழுதி, முழுப் பெயரையும் சுழித்துக் கையெழுத்திட்டாள். எறும்பு வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மேனேஜர் நின்றபடியே அனுமதித்துக் கையெழுத்துப் போட்டார். அவள் வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்தாள். அன்று சாயங்காலம்வரை எட்டுத் தொட்டிக் கஞ்சியும் கஞ்சியாகவே இருந்தது.