தண்ணியா இருக்க வேண்டிய சோப்பு

எட்டு நாளாக அவள் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "டாக்டர் படிப்பு படிச்ச மாதிரி அடுப்படியில சோப்பு காய்ச்சினா இப்படித்தான்! என் புள்ளை கையே போச்சு!" என்று மாமியார் காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை ஓயமாட்டாள்.

புள்ளை, அதாவது இவள் புருஷன், பேக்கரியில் மாஸ்டர். மாவு பிசைகிற கை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கழுவியே தோல் வெடித்து, ரத்தம் கசிந்தது. வாசனை சோப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளும் விசாரித்து, வாசனையில்லாத ஆலிவ் சோப்பைத் துருவி, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, இரண்டு ஸ்பூன் கிளிசரின் விட்டு, துணியில் வடிகட்டி, வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று என்று இரண்டு நுரை பம்ப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். மூன்றே வாரத்தில் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. அப்போது அவளை யார் பாராட்டினார்கள்? ஒருத்தரும் இல்லை.

இப்போது மறுபடி வெடிப்பு. "திங்கட்கிழமைக்குள்ள ஆறலைன்னா வேற மாஸ்டரைப் பாத்துக்கறேன்" என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

இன்று ஞாயிறு. துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தவள் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமியார் அந்தப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "தண்ணி! வெறும் தண்ணி! கட்டின புருஷன் கைக்குக்கூடவா கஞ்சத்தனம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே, பாத்திரம் கழுவுகிற எலுமிச்சை வாசனைப் பச்சை லிக்விடை அதில் கொடகொடவென்று ஊற்றினாள்.

அடப்பாவமே! அது தண்ணியாக இருந்தால்தானே பம்ப் நுரையாக்கும்! அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. அங்கேயே கத்தியிருப்பாள். ஆனால் அவள் சொன்னால் அந்த அம்மா நம்பவா போகிறாள்? மகன் வாயால் வந்தால்தான் ஏறும். மாமியார் கூடத்துக்குப் போனதும், பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே அவனிடம் போனாள்.

"உங்கம்மா இதுல என்ன ஊத்தறாங்க தெரியுமா?"

"தெரியும்."

"என்னது?"

"முதல் நாளே எலுமிச்சை வாசனை வந்துச்சு. கேட்டுடாதே. ஆசையா செய்யறாங்க, மனசு நொந்துடுவாங்க."

"கடைக்குக் கொண்டுபோற பாட்டில்லயுமா?"

அவன் ஆமென்று தலையாட்டினான்.

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா?"

எட்டு நாள். அவள் சாபம் வாங்கும்போதெல்லாம் இவன் பக்கத்தில்தான் உட்கார்ந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவங்க மனசு நொந்துடுமாம். இவள் மனசு என்ன, கரித்துணியா? பாட்டிலை அவனுடைய வெடித்த கையில் திணித்தாள். பிறகு கூடத்துக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"அத்தே! கொஞ்சம் இங்க வாங்க. உங்க புள்ளை உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்."