புதன்கிழமைச் சுருதி

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் பேஸ் கிட்டாரின் சுருதி இறங்கிக் கிடந்ததைப் பார்த்ததும், யாரோ தன் சாமான்மேல் கைவைக்கிறார்கள் என்பது லிஃப்ட்காரருக்கு உறுதியாகிவிட்டது.

இறங்கியிருந்தது ஒரு மயிரிழைதான். சும்மா கேட்டால் தெரியாது. கிட்டாரின் தலையில் மாட்டும் சின்ன மீட்டரில்தான் முள் நடுக்கோட்டுக்கு இடதுபக்கம் சாய்ந்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் கம்பியை முறுக்கும் கீயை லேசாகத் திருகிச் சரிசெய்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். இழுத்துக் கட்டிய கம்பியோடுதான் அவர் பிழைப்பு.

கம்பியின் குணம் இதுதான்: ஒரே இழுப்பில் வெகுநாள் இருந்தால் பழகிப்போய் அசையாமல் கிடக்கும். அதைத் தளர்த்திவிட்டு மறுபடி இழுத்துக் கட்டினால், அன்றைக்குச் சரியாக நிற்கும்; பிறகு ஆள் பார்க்காத நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு கொடுக்கும். லிஃப்டுக்குப் புதுக் கம்பி மாட்டினாலும் இதே கதை. முதல் வாரம் லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒன்றாக இருக்கும். அப்புறம் ஒரு விரற்கடை தாழ்ந்து நிற்கும். இடறி விழப்போனவர்கள் மெக்கானிக்கின் பரம்பரையையே இழுப்பார்கள். ஆக, வாரத்தில் ஏதோ ஒரு நாள் யாரோ நாலு கம்பியையும் தளர்த்துகிறார்கள். பிறகு ஒன்றும் தெரியாதமாதிரி பழையபடி இழுத்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

யார்? எதற்கு?

கிட்டார் இருப்பது தையல்காரரின் கடைக்குப் பின்னால் உள்ள சாமான் அறையில். ஸ்கூட்டரில் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று அங்கேயே விட்டுவைப்பது வழக்கம். ஞாயிறுதோறும் நடக்கும் பாண்டு பயிற்சிக்கு அதைவிட நல்ல அறை கிடைக்காது. சுவரோரம் கூரைவரை அடுக்கிய துணிச்சுருள்கள் சத்தத்தைக் குடித்துவிடும். பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூடச் சண்டைக்கு வந்ததில்லை. பாண்டில் நாலு பேர். தையல்காரர் கிட்டார், மருந்துக்கடைக்காரர் டிரம்ஸ், லிஃப்ட்காரர் பேஸ். பாடுவது அவருடைய அக்காவின் கணவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரை எல்லோரும் மச்சான் என்றே கூப்பிடுவார்கள், உறவு இருக்கிறவரும் இல்லாதவர்களும்.

லிஃப்ட்காரருக்கு இது நாலாவது பாண்டு. கல்லூரியில் மூன்று கிட்டார் இருந்தது, டிரம்ஸ் இல்லை, மேஜையைத் தட்டினார்கள். ஹாஸ்டலில் டிரம்ஸ் இருந்தது, பாட ஆள் இல்லை. மூன்றாவது பாண்டு ஒரு மரச்சாமான் கடைத் திறப்புவிழாவில் வாசித்தது. கட்டிலின் விலை காதில் விழவில்லை என்று முதலாளி பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்த மூன்றும் காற்றில் போய்விட்டன. இந்த நாலாவது மட்டும்தான் ஒட்டிக்கொண்டது. காகித ஆலையின் ஆண்டுவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் தன்னைக் கழற்றிவிட்டு வேறு ஆளைப் போடப் பார்க்கிறார்கள் என்று அவர் முடிவுகட்டிக்கொண்டார்.

"என் கிட்டாரை யாராவது எடுத்தீங்களா?"

தையல்காரர் ஊசியில் நூல் கோர்க்கிறவர்மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டார். "எலி கிலி ஓடியிருக்கும்."

"எலி நாலு கம்பியையும் ஒரே அளவா இறக்கிட்டுப் போகுமா?"

"சங்கீத ஞானம் உள்ள எலி," என்றார் மருந்துக்கடைக்காரர்.

மச்சான் பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் டீ வந்தது. இறுக்கத்தைத் தளர்த்தலாம் என்று லிஃப்ட்காரர் தன்னுடைய பழைய கதையை எடுத்துவிட்டார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மச்சானோடு இன்னொருவரும் பாடிக்கொண்டிருந்தார், பட்டப்பெயர் குயில். இதே ஆலையின் விழாவில், மேடையில், பாட்டு ஆரம்பிக்கிற நேரத்தில் குயில் திரும்பி, "ஒரு கட்டை இறக்கிக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். லிஃப்ட்காரர் மைக்கில் வாயை வைத்து அறிவிப்புக் குரலில், "லிஃப்ட் கீழே போகிறது. பாரம் தாங்காதவர்கள் இறங்கிக்கொள்ளவும்!" என்றார். எழுநூறு பேர் சிரித்தார்கள்.

"குயிலும்தான் விழுந்து விழுந்து சிரிச்சான். பாவம், அடுத்த மாசமே மாற்றலாகிப் போயிட்டான். என்ன நாளுய்யா அது!"

யாரும் சிரிக்கவில்லை. தையல்காரர் டீ டம்ளருக்குள் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். லிஃப்ட்காரர் மூன்று பேரையும் பார்த்தார். கழற்றிவிடப்போகிற ஆளோடு சேர்ந்து யார் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கே பொறி வைத்தார். லிஃப்டில் ஒரு நட்டை முறுக்கியதும், நட்டுக்கும் அடியில் உள்ள தகட்டுக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுப்பார்கள். அடுத்தமுறை வரும்போது ஸ்பானரே தேவையில்லை. கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை, முறிந்திருந்தால் அசைந்திருக்கிறது. மற்றவர்கள் டம்ளர் கழுவப் போன நேரத்தில், கிட்டாரின் தலைக்குப் பின்புறம் நாலு கீக்கும் குண்டூசி முனையால் மஞ்சள் கோடு இழுத்தார்.

அடுத்த ஞாயிறு நாலு கோடும் முறிந்திருந்தன.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டார்.

"மச்சான் வாரநாள்ல சாயங்காலம் எங்கேயாவது போறாராக்கா?"

"என்னடா கேள்வி? புதன்கிழமை உங்க பிராக்டிஸுக்குத்தானே வர்றாரு. நீயும் அங்கதானே இருக்கே?"

"ஆமா... ஆமாக்கா. புதன்கிழமை. மறந்துட்டேன்."

"மறந்துட்டானாம்! உன் மறதிக்கு மருந்துக்கடையையே எழுதி வைக்கணும். அவர் தொண்டையைக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லு."

போனை வைத்த பிறகும் அவர் காதில் ஒரே ஒரு சொல்தான் நின்றது. புதன்கிழமை. சொந்த மச்சானே! வெளியாள் குத்தினால் முதுகோடு போகும். வீட்டாள் குத்தினால் குடும்ப விசேஷத்தில் சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார வேறு வேண்டும்.

புதன்கிழமை நாலரை மணிக்கு ஒரு கண் மருத்துவமனையின் லிஃப்ட் கதவைச் சரிபார்த்து முடித்துவிட்டு, கருவிப் பையோடு நேராகத் தையல்கடையின் பின்வாசலுக்குப் போனார். கதவில் காதை வைத்தார்.

தெரிந்த பாட்டுதான். ஆனால் பாட்டின் தரையே கீழே போயிருந்தது, ஒரு மாடி இறக்கி நிறுத்தியதுபோல. அதன் அடியில் பேஸ். அதைக் கேட்டதும் அவருக்கு உடம்பு கூசியது. அவருடைய வாசிப்பேதான். இரண்டாவது அடியின் முடிவில் விரலை வழுக்கவிடுவாரே, அதுகூட அப்படியே. ஆனால் தட்டுத்தடுமாறி, யாரோ அவருடைய கையெழுத்தைப் போட்டுப் பழகுவதுபோல.

கதவைத் தள்ளினார்.

பேஸ் கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது தையல்காரரின் தோளில்.

"ஓஹோ, என் இடத்துக்கு ஆளு இங்கயே இருக்கா!"

"உன் இடம் யாருக்குய்யா வேணும்?" தையல்காரர் வாரைக் கழற்றினார். "பொணக் கனம் கனக்குது. ஒரு வாரத்துக்குக் கத்திரிக்கோல் பிடிக்க முடியல."

"அப்போ எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

மருந்துக்கடைக்காரர் குச்சிகளை மடியில் வைத்தார். "நீங்களே சொல்லிடுங்க மச்சான். இனிமே மூடி மறைக்க என்ன இருக்கு?"

மச்சான் பிளாஸ்கின் மூடியைத் திருகித் திறந்து, குடிக்காமலே மறுபடி மூடினார். "குரல் ஏறமாட்டேங்குது மாப்ளே. ஒரு வருஷமாச்சு. மேல போனா உடையுது. ஒரு கட்டை இறக்கினா பாட முடியுது. அதான் எல்லாப் பாட்டையும் இறக்கிப் பாத்துக்கிட்டு இருக்கோம்."

மிச்சத்தைத் தையல்காரர் சொன்னார். பத்தொன்பது வருஷமாக மச்சான் சுருதி பிடிப்பது பேஸிலிருந்துதான். அது இல்லாமல் பாடச் சொன்னால் கண்ணைக் கட்டி விட்டதுமாதிரி ஆகிவிடுகிறது. தையல்காரருக்கோ பேஸில் தெரிந்ததெல்லாம் லிஃப்ட்காரரின் விரல் போகும் இடங்களைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆனது மட்டும். சுருதி இறங்கினால் விரல் எங்கே போக வேண்டும் என்று தெரியாது. அதனால் நாலு கம்பியையும் தளர்த்திவிட்டு அதே இடங்களில் வாசித்தார். முடிந்ததும் மீட்டரை மாட்டி, முள் நடுவில் நிற்கும்வரை இழுத்து வைத்தார். அவ்வளவு ஒழுங்கு பார்த்தவருக்கு, இழுத்த கம்பி ஞாயிறுக்குள் நீளும் என்பது தெரியவில்லை.

"இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன மச்சான்?"

"குயில்கிட்ட சொன்னதையே என்கிட்டயும் சொல்லுவே."

"அது ஜோக்கு மச்சான்! அவனே சிரிச்சானே!"

"அவன் சிரிக்கல," என்றார் தையல்காரர். "நான்தான் பக்கத்துல நின்னேன். பாட்டு முடிஞ்சு மைக்கை ஸ்டாண்டுல மாட்ட மூணு தடவை பாத்தான், மாட்டவே முடியல. கூட்டம் சிரிச்சதை நீ அவன் சிரிச்சதா வச்சுக்கிட்டே."

"அப்படியெல்லாம் இல்ல. அவனுக்கு மாற்றல் வந்துதான்..."

"மாற்றலா?" மருந்துக்கடைக்காரர் அவரைப் பார்க்காமலே சொன்னார். "நாலு தெரு தள்ளித்தான் இருக்கான். போன வாரம்கூட என் கடைக்கு வந்து இருமல் மருந்து வாங்கிட்டுப் போனான்."

லிஃப்ட்காரர் கருவிப் பையைக் கீழே வைத்தார். ஒன்பது வருஷம். நாலு தெரு தள்ளி.

பிறகு கையை நீட்டிக் கிட்டாரை வாங்கினார். தளர்ந்த கம்பிகள் கழுத்தில் உள்ள உலோகக் கட்டங்களில் இடித்துச் சடசடத்தன. அவற்றைப் பழையபடி இழுத்துக் கட்டினார்.

"கம்பியை இறக்காதீங்க. விரலை இறக்கினாப் போதும். ஒரு கட்டைக்கு ரெண்டு கட்டம் கீழ. கம்பி விறைப்பா இருந்தாத்தான் சத்தம் சுத்தமா வரும். அடிக்கம்பியில மட்டும் கீழ எடம் இல்ல, அங்க அதே சுரத்தை மேல் ஸ்தாயியில பிடிச்சுக்கலாம்." சொல்லச் சொல்ல அவருக்கே கொஞ்சம் உற்சாகம் வந்தது. "ஆலை விழாவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. பாடுங்க மச்சான்."

மச்சான் பாடினார். இரண்டாவது அடியின் முடிவில் லிஃப்ட்காரரின் விரல் பழைய இடத்துக்கே ஓடியது. பேஸ் அபத்தமாக ஒரு கட்டை மேலே போய் அலறியது.

மச்சான் நிறுத்திவிட்டார். "வேணும்னே பண்றியா?"

"இல்ல மச்சான்! பத்தொன்பது வருஷப் பழக்கம். விரல் கேட்கமாட்டேங்குது."

"பழைய சுருதிதான் ஒசத்தின்னு குத்திக்காட்டுறியோன்னு நினைச்சேன்."

"சத்தியமா இல்ல."

மச்சானின் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. மற்ற இருவர் முகத்திலும் தெரியவில்லை. லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். நாக்கு நுனியில் வழக்கம்போல ஏதோ ஒரு வேடிக்கை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, "இன்னொரு தடவை பாடுங்க" என்று மட்டும் சொன்னார்.

மருந்துக்கடைக்காரர் குச்சிகளை நாலுமுறை தட்டினார். அதே இடத்தில் லிஃப்ட்காரர் மறுபடி தவறினார். இந்தமுறை மச்சான் நிறுத்தவில்லை. ஆனால் பாட்டு முடியும்வரை, லிஃப்ட்காரரின் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவுமில்லை.