சிவப்புத் துணி கட்டின மரம்

"என் சோத்தை மண்ணுல கொட்டுனியே, அந்தக் கை..."

"உத்தரவு மாரியம்மா, உத்தரவு! நானா போட்டேன்..."

"...அந்தக் கை உன் தங்கச்சி மடிக்கு வந்தா மட்டும் ஏன்டி வழுக்கிட்டுப் போவுது?"

"ஐயோ, மெதுவாப் பேசு!"

"எதுக்கு மெதுவா? வெயில்ல பட்டினியா கெடந்தது என் வயிறு. அவ மடியில இருந்தா அது சோறு இல்லையா? பூவா?"

பைப்படியில் வாளி வைத்திருந்த பெண்கள் எல்லாரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது. செல்லாயிக்கு உடம்பெல்லாம் கூசியது. மாரியம்மா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

தோட்டத்துத் தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டபோது, கேட்டில் பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும் என்று ஆபீசில் கேட்டார்கள். காட்டில் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக்கூடாதாம். ஒருத்தியும் முன்வரவில்லை. அடுத்தவள் மடியில் கையை விடுகிற பிழைப்பு யாருக்கு வேண்டும்? புருஷனை இழந்த செல்லாயிதான் போய் நின்றாள். போகுமுன் களைக் கும்பலின் கங்காணி அப்பளசாமியிடம் பேரம் பேசினாள்.

"நான் அந்த வேலைக்குப் போறேன் அண்ணே. என் தங்கச்சிக்கு உங்க கும்பல்ல பேரு போடுங்க."

"அழகம்மாவையா? விளையாடாதே. அதுக்கு என்ன தெரியும்?"

"தெரியும் அண்ணே. பக்கத்துல ஒரு ஆள் இருந்தாத் தெரியும்."

அழகம்மாவுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பேச்சு மெதுவாக வரும். ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பாள். லயத்துப் பிள்ளைகள் அரைக்கிறுக்கு என்று கூப்பிட்டால் "ஓய்" என்று திரும்பிச் சிரிப்பாள். கங்காணி அரைச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டு, அவளை மாரியம்மாவுக்கு இணையாகப் போட்டார்.

அவளுக்கு வேலை பழக்கியது மாரியம்மாதான். முதல் சில நாள் அழகம்மா நாலு புல்லைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். திட்டினால் அழுதாள். ஒருநாள் மாரியம்மா தன் பழைய ரவிக்கையைக் கிழித்து, சிவப்புத் துணித்துண்டு ஒன்றைத் தூரத்து ரப்பர் மரத்தில் கட்டினாள். "அழகு, அந்த மரம் வரைக்கும் போ. அங்க உனக்கு ஒரு உருண்டை சோறு." அவ்வளவுதான். அழகம்மா லாலாங் புல்லை வேரோடு பிடுங்கிக்கொண்டே போனாள். பின்னால் வந்த கங்காணி தரையைக் கிளறிப் பார்த்துவிட்டு, "முழுச் சம்பளக்காரிகளுக்கு இவ பாடம் எடுக்கணும்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை அழகம்மா எத்தனையோ முறை சொல்லிக்காட்டினாள். அதன்பின் துணி மரத்துக்கு மரம் நகர்ந்தது, உருண்டையும் கூடவே நகர்ந்தது.

பிறகு புது உத்தரவு வந்தது. பச்சரிசி மட்டும் இல்லை, ஆக்கின சோறும் கேட்டைத் தாண்டக்கூடாது. சோறு இல்லாவிட்டால் அழகம்மா உட்கார்ந்துவிடுவாள், உட்கார்ந்தால் பேர் போய்விடும். செல்லாயி தானே இலையில் மடித்துத் தங்கையின் மடியில் கட்டினாள். கேட்டில் அவள் கை அந்த இடத்தைத் தொட்டும் தொடாமலும் போய் வந்தது. மாரியம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தவள். புதிதாக வந்த போலீஸ் கோப்ரல் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்ற பயத்தில், இன்று காலை மாரியம்மா துணிந்து சோறு கொண்டுவந்த தூக்குச்சட்டியையே செல்லாயி பிடுங்கிக் கவிழ்த்துவிட்டாள்.

"மாரிக்கா பட்டினியா?" வாளிக்குப் பின்னாலிருந்து அழகம்மா கேட்டாள்.

"ஆமாடி அழகு. உங்கக்கா போட்ட பட்டினி."

"உள்ள போ!" என்று செல்லாயி தங்கையின் மேல் எரிந்து விழுந்தாள்.

மறுநாள் விடியுமுன் அவளுக்கு வயிறு முட்டச் சோறு போட்டாள். "இன்னைக்கு மடியில ஒண்ணும் கிடையாது. மாரிக்கா மரத்துல துணி கட்டுவா. நீ பிடுங்கிக்கிட்டே போகணும். உட்காரக்கூடாது. என்ன?"

"ம்."

"என்ன சொன்னேன், சொல்லு."

"உட்காரக்கூடாது."

கேட்டில் கோப்ரல் பெண்கள் வரிசைக்குப் பக்கத்திலேயே நின்றான். நேற்றைய பைப்படிப் பேச்சு அவன் காது வரைக்கும் போய்விட்டதோ? பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். "பாரு, இன்னைக்கு யார் மடி வழுக்குதுன்னு பார்ப்போம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

செல்லாயிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தங்கை மடி காலி என்று அவளுக்குத் தெரியும். இவர்கள் வாயை அடைக்க இதைவிட நல்ல நேரம் வராது.

"அழகம்மா! முதல்ல நீ வா. கையைத் தூக்கு. எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க, அப்புறம் பேசாதீங்க!"

அழகம்மா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தாள். செல்லாயி சட்டையை உதறினாள், முதுகைத் தட்டினாள், மடியை நாலு பேர் பார்க்க அழுத்திப் பிடித்தாள்.

கையில் சூடாக ஒரு உருண்டை அகப்பட்டது.

விட்டுவிடத்தான் நினைத்தாள். ஆனால் முடிச்சு ஏற்கெனவே அவிழ்ந்திருந்தது. இலை பிரிந்து சோறு கோப்ரலின் பூட்ஸுக்கு முன்னால் கொட்டியது.

"சியாப்பா பாகி?" என்றான் கோப்ரல். யார் கொடுத்தது?

மலாய் புரியாவிட்டாலும் அவன் சோற்றைக் காட்டிக் கேட்டது அழகம்மாவுக்குப் புரிந்தது. பெருமையாகச் சொன்னாள். "நான்தான் எடுத்து வெச்சேன். என் சோத்துல பாதி. மாரிக்காவுக்கு. நேத்து அவங்க சோறு கொட்டிப்போச்சில்ல?"

அவன் காதில் விழுந்தது ஒரு பெயர் மட்டும்தான். "மாரி? யார் மாரி?"

வரிசை இரண்டாகப் பிளந்து மாரியம்மாவை நடுவில் விட்டுவிட்டது. சோறு கடத்தினால் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

"இல்ல துவான்!" செல்லாயி இரண்டு கையையும் கூப்பி, தெரிந்த மலாயும் தமிழும் கலந்து கெஞ்சினாள். "தாக் தாவு, துவான். இவளுக்கு ஒண்ணும் தெரியாது. புத்தி இல்லாதவ. வாயில வந்த பேரைச் சொல்றா. சோறு எது, மண்ணு எதுன்னுகூடத் தெரியாது."

"தெரியும்க்கா" என்றாள் அழகம்மா.

"வாயை மூடு!"

"எனக்குத் தெரியும்க்கா. மாரிக்காவுக்குத்தான்..."

செல்லாயி அவளை ஓங்கி ஒரு அறை விட்டாள். அழகம்மா தூக்கின கையை இன்னும் இறக்கவில்லை.

கோப்ரல் கங்காணியைத் திரும்பிப் பார்த்தான். அப்பளசாமி தொப்பியைக் கழற்றித் தரையைப் பார்த்தார். "ஆமா துவான். ஒண்ணும் தெரியாத பொண்ணு." மாரியம்மாவையும் கேட்டான். அவளும், "ஒண்ணும் தெரியாது துவான்" என்றாள்.

வேலை அழகம்மாவுக்குத் தெரியும் என்று அறிந்தவர்கள் இந்தத் தோட்டத்தில் இந்த மூன்று பேர்தான்.

கோப்ரலும் கெட்டவன் இல்லை போலிருக்கிறது. பெருமூச்சு விட்டு மலாயில் நிதானமாகப் பேசினான். இப்படிப்பட்டவளை ஏன் வெளியே அனுப்புகிறீர்கள்? வழியில் யாராவது கேட்டால் சோற்றைத் தூக்கிக் கொடுத்துவிடுவாளே. சுட்டுவிட்டால் யார் பதில் சொல்வது? இனி இவள் கேட்டைத் தாண்டக்கூடாது, உள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"தெரிமா காசே, துவான்" என்று நன்றி சொன்னாள் செல்லாயி. அப்படிச் சொன்னதை நினைத்துத்தான் அன்று முழுக்க அவள் நாக்கு கசந்தது. கேட்டை விட்டு நகர முடியாது. கும்பல் ரப்பர் மரங்களுக்குள் மறையும் வரை அழகம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அங்கிருந்தே பார்த்தாள். திரும்பிப் பார்த்த ஒவ்வொரு முறையும் வேறு யாரையாவது கூப்பிட்டு, இன்னும் அழுத்திச் சோதித்தாள்.

சாயங்காலம் மாரியம்மா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"கங்காணி வேற இணை போட்டுட்டாரு" என்றாள்.

"ம்."

"நான் பைப்படியில கத்தாம இருந்திருந்தா..."

"நீ கத்துனது நியாயந்தான். உன்னை நான் குறை சொல்லலை."

"நீ என்னைக் காப்பாத்துனே, செல்லாயி."

"உன்னை மட்டுமா? என் வேலையையும் சேர்த்துத்தான்." செல்லாயி நிமிர்ந்து பார்க்கவில்லை. "இது நான் பழக்குன வழக்கம்னு என் வாயில வரலையே. ஒருநாள் இல்ல, தினம் தினம் கட்டினேன். அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

மாரியம்மா இடுப்பிலிருந்து சிவப்புத் துணியை எடுத்தாள். "மரத்துலேயே விட்டுட்டு வர மனசு கேட்கலை. அழகு எங்க?"

லயத்துக்குப் பின்னால், கம்பிவேலியின் உட்புறத்தில் இருந்தாள். வேலியோரத்துப் புல் முழுவதும் வேரோடு பிடுங்கி, மண் உதறிக் குவியலாகக் கிடந்தது. விடியுமுன் தின்ற பாதிச் சோற்றுக்குப் பிறகு அவள் எதையும் சாப்பிடவில்லை. கன்னத்தில் அக்காவின் விரல் தடம் இன்னும் இருந்தது.

அவள் மாரியம்மாவின் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். வாங்கி, வேலிக் கம்பத்தில் கட்டப் பார்த்தாள். முடிச்சு வரவில்லை. துணியை மடியில் செருகிக்கொண்டு செல்லாயியிடம் திரும்பினாள்.

"அக்கா, நாளைக்கு எனக்கு சோறு வேணாம். அந்த பூட்ஸுக்காரர்கிட்ட எனக்குத் தெரியும்னு மட்டும் சொல்றியா?"