பாறையைச் சுற்றிப் போன குழாய்

அப்பா இறந்துபோன ஒன்பதாம் நாள், கீழ்வயலுக்குத் தண்ணீர் நின்றுபோனது. மோட்டார் ஓடியது, கிணற்றிலும் தண்ணீர் இருந்தது. குழாயின் கடைசி முனையில் மட்டும் காற்றுதான் வந்தது. நடுவில் எங்கோ, மண்ணுக்கடியில் உடைந்திருக்கிறது. மணல் நிலம்; கசிவை வெளியே காட்டாமல் குடித்துவிடும். மக்காச்சோளம் கதிர் பிடிக்கிற நேரம். இன்னும் நான்கு நாள் காய்ந்தால் மாட்டுக்குத்தான் ஆகும்.

குழாய் போன வழி அப்பாவுக்கு மட்டுமே தெரியும். "ஒரு தாள்ல வரைஞ்சு வைங்கப்பா" என்று மூத்தவன் கேட்கும்போதெல்லாம், "நான் எங்கடா ஓடிப்போகப் போறேன்" என்பார். எண்பத்தோரு வயதுவரை அந்தப் பதில் செல்லுபடியானது.

அம்மாவுக்கு ஒன்று ஞாபகம் இருந்தது. "நடுவுல பாறை வந்துச்சு, சுத்திப் போட்டேன்னு சொன்னாரு." அதை நம்பி, கிணற்றுமேட்டில் தலைகாட்டும் பாறையைச் சுற்றி மூத்தவன் இரண்டு நாளாகத் தோண்டினான்.

"இந்த வேகத்துக்கு நீ புதுக் கிணறே வெட்டியிருக்கலாம்" என்றாள் அக்கா.

"வாயால வெட்றதுக்கு நீ இருக்கியே."

சின்னவன் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நகரத்துக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இரவு வேலை. ஆளுயரப் பெட்டிகளை ஏற்றி இறக்குவான், பகலில் தூங்குவான். சாயங்காலப் பேருந்துக்குப் பையைக் கட்டி வைத்திருந்தான். இருபத்து நான்கு வருடம் முன்பு, கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தபோது, அப்பாவோடு அந்தக் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவன் அவன்தான். மூத்தவன் அப்போது வெளியூர் வேலையில் இருந்தான்.

"உனக்கு ஞாபகமே இல்லையாடா?"

"இல்லண்ணே."

பொய். மதியம் சாப்பிடும்போது அம்மா அப்பாவைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அழுகை தீர்ந்து பேச்சு வந்திருந்தது.

"கல்யாணத்தன்னிக்கே, 'மடையத் திறந்து விட்டுட்டு வந்திருக்கேன், சீக்கிரம் முடிங்க'ன்ன மனுஷன். பிள்ளைங்களப் பெரியவன், பொண்ணு, சின்னவன்னுதான் கூப்பிடுவாரு. வயல்ல ஒவ்வொரு பாத்திக்கும் தனித்தனியா பேரு வச்சிருந்தாரு."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப மூணு நாள் தோள்ல போட்டுக்கிட்டே தண்ணி பாய்ச்சினாராமே" என்றாள் அக்கா.

"ஆமா. ஆனா ஒண்ணு சொல்லணும். இவன் படிப்ப விட்டுட்டு வந்து நின்னானே, வேற அப்பனா இருந்தா தோலை உரிச்சிருப்பான். இவரு பதினோரு நாள் கூட நிறுத்தி வேலை பார்த்தாரு. 'ரெண்டு பேரும் பேசிக்கிட்டே தோண்டறோம், அலுப்பே தெரியல'ம்பாரு. எனக்கு அப்பதான் வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு."

சின்னவன் தட்டை ஓரமாக நகர்த்தினான். உண்மையைச் சொன்னால் குழாய் கிடைக்கும். அம்மாவின் அந்தப் பதினோரு நாள் போய்விடும். ஜன்னலுக்கு வெளியே கீழ்வயலில் மக்காச்சோள இலைகள் வெயிலுக்குச் சுருண்டு நின்றன. அப்பா கடைசியாக விதைத்தது அதுதான்.

"பாறையெல்லாம் இல்லம்மா" என்றான்.

மூத்தவன் நிமிர்ந்தான். "என்னடா சொல்றே?"

"நான் கிணத்துப் பக்கமிருந்து தோண்டினேன். அவரு வயல் பக்கமிருந்து தோண்டினாரு. நடுவுல சேரணும். நேரா வருதான்னு ஒருத்தர ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சேர்ந்திருக்கும். கேக்கல. ரெண்டு முழம் விலகிப்போச்சு. அவரு ரெண்டு முழங்கைத் துண்டு வாங்கிட்டு வந்து, வளைச்சு ஒட்டினாரு. அங்கதான் ஒட்டு விட்டிருக்கும்."

"பேசிக்கவே இல்லையா?" என்றாள் அம்மா.

"இல்ல."

"நான் சோறு கொண்டாந்தப்பல்லாம் பேசிக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"தூரத்துல உன் தலை தெரிஞ்சதும் ஆரம்பிப்பாரு. மண்ணு கெட்டியா இருக்கான்னு கேப்பாரு. நானும் பதில் சொல்லுவேன்."

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்தாள். "எடத்தக் காட்டு."

அவன் காட்டினான். இடுப்பளவு தோண்டுவதற்குள் மண் சேறானது. முழங்கைத் துண்டு ஒன்று வாய்பிளந்து கிடந்தது. மூத்தவன் கடைக்கு ஓடி வேறு வாங்கி வந்தான். ஒட்டிக் காயவிட்டு மோட்டாரைப் போட்டபோது பேருந்துக்கு அரைமணி நேரம் இருந்தது.

தண்ணீர் கீழ்வயலில் விழுந்தது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கியிருந்தாள். சின்னவன் பையோடு வரப்பில் போய் நின்றான்.

"கிளம்பறேம்மா."

அவள் நிமிரவில்லை. "அம்பது வருஷத்துல அந்த மனுஷன் இன்னும் என்னென்ன பொய் சொன்னாரோன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"அது ஒண்ணாத்தான் இருக்கும்மா."

"உனக்கெப்படித் தெரியும்? நீதான் அவருகூடப் பேசினதே இல்லையே."

அவளுக்குப் பின்னால் ஒரு பாத்தியின் கரை உடைந்து, தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. அவன் பையை வரப்பில் வைத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, இரண்டு கையாலும் சேற்றை அள்ளிக் கரையை அடைத்தான்.