வெள்ளிக்கிழமை எண்ணெய்

மோட்டார் சைக்கிளின் பிறேக் பிடியைப் பழஞ்சீலையால் ஒன்றுக்கு இரண்டு தரம் துடைத்துவிட்டு, பர்வதவர்த்தினி கிட்ட வருவதற்கு இடம் விட்டு, அதைத் திருத்த வந்த இராயப்பு தள்ளி நின்றார். இது தனி ஆள் செய்கிற வேலையில்லை. மேலே ஹாண்டிலில் இருக்கிற பிறேக் பிடியை ஒருவர் அமத்திப் பிடிக்க வேண்டும். கீழே முன்சில்லடியில் குந்தியிருக்கிற மற்றவர் நிப்பிள் என்கிற சின்னத் திருகாணியைத் திறந்து, குழாய்க்குள் பூந்திருக்கிற காற்றை ஒயிலோடு சேர்த்து வெளியே எடுக்க வேண்டும். வீட்டில் ஆம்பிளையள் ஆரும் இல்லையோ என்று அவர் கேட்டுப் பார்த்தார். இல்லை. அவளுடைய புருஷன் இரத்தினசபாபதிக் குருக்கள் மண்கும்பான் கோயில் பூசைக்கு பஸ்ஸில் போயிருந்தார், எப்போது திரும்புவார் என்பது பஸ்காரருக்கே தெரியாது. நான் பிடிக்கிறேன் என்று பர்வதவர்த்தினி சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. இராயப்பு படலையைப் பார்த்தார். அது தெருவுக்குத் தெரியத் திறந்துதான் கிடந்தது.

கிணற்றுத் தண்ணீரை ஆராய வந்து, இரண்டு வருஷம் தீவெல்லாம் தோண்டிப் பார்த்து, உப்புத்தான் என்று கண்டுபிடித்துக்கொண்டு திரும்பிப் போன வெள்ளைக்காரர் விற்றுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் அது. மணலிலும் கல்லிலும் ஓடவென்றே செய்தது. உயரமான இருக்கை, பல்லுப் பல்லாய் ரயர். நாரந்தனையில் ஒரு கோயில், மண்கும்பானில் ஒரு கோயில் என்று இரண்டு இடத்தில் பூசை வைத்திருக்கிற குருக்களுக்கு அது தெய்வம் தந்த வாகனம். வேட்டியை மடித்துக் கட்டி, குடுமி பின்னால் அசைய அவர் போவதைப் பார்த்து, நெடுந்தீவில் காட்டுக்குள் திரிகிற குதிரைகளை நினைத்து, ஊர் அதற்கு ‘ஐயரின்ரை நெடுந்தீவுக் குதிரை’ என்று பெயர் வைத்தது. அவருக்கு அதில் பெருமைதான். வீட்டுக்கு வருகிறவர்களை முதலில் குதிரையடிக்குக் கூட்டிக்கொண்டு போவார். ஹாண்டிலில் இருக்கிற சின்ன ஒயில் கிண்ணத்தை விரலால் தட்டி, இதற்குள் ஒயில் குறைந்தால் பிறேக் இல்லை, பிறேக் இல்லையென்றால் ஆள் இல்லை என்று விளக்கம் சொல்லுவார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். குசினிக்குள் நின்று கேட்டவள் அதை விளையாட்டாக எடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விளக்குகளை மினுக்கி எண்ணெய் விடுகிற நேரம் அவள் போய்ப் பார்த்தாள். கிண்ணத்தின் கண்ணாடிக்குள் ஒயில் கோட்டுக்குக் கீழே நின்றது. எண்ணெய் குறைகிற விஷயத்தில் அவளுக்கு ஒருவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. நயினாதீவில் பூசகர் வீட்டில் பிறந்து, இன்னொரு பூசகர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள்; விளக்கில் எண்ணெய் வற்ற விடாமல் பார்ப்பதுதான் அறிவு தெரிந்த நாள் முதல் அவளுடைய வேலை. மூடியைத் திருகினாள், கையோடு கழன்று வந்தது. இலுப்பெண்ணெயும் வீட்டில் இருந்தது. ஆளைக் காக்கிற காரியத்துக்கு மலிவு பார்க்கலாமா என்று மூலஸ்தானத்துக்கென்று வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்துக் கோடு மட்டும் விட்டாள். அன்றிரவு நிம்மதியாக நித்திரை வந்தது. பிறகு வெள்ளிக்கு வெள்ளி பார்ப்பாள், குறைந்திருந்தால் கொஞ்சம் விடுவாள். குருக்களிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் சிரிப்பார்.

குருக்கள் கை நீட்டுகிறவரோ ஏசுகிறவரோ அல்ல. சிரிக்கிறவர். கலியாணம் முடித்து வந்த புதிதில், சர்க்கரைப் பொங்கலுக்குப் பச்சைக் கற்பூரத்துக்குப் பதிலாக விளக்குக்கு ஏற்றுகிற கற்பூரத்தை அவள் தூளாக்கிப் போட்டுவிட்டாள். அவளுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. அவர் இன்னமும் சபை கண்ட இடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லுகிறார். ஒவ்வொரு தரமும் அதில் ஏதாவது புதிதாகச் சேரும். போன ஆவணியில் சொன்னபோது பொங்கல் பானை தீப்பிடித்தே விட்டது. எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு வெறுத்துப் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மண்கும்பான் கோயில் வாசலில் குதிரை நிற்கவில்லை. பிறேக் பிடி பஞ்சுபோல அமிழ்ந்து போய் ஹாண்டிலோடு ஒட்டிக்கொண்டதாம். வாசலில் போட்டிருந்த கதிரையைத் தூக்கி எறிந்துகொண்டு போய் வண்டி மணற்கும்பியில் செருகி நின்றது. கதிரை கோயில் தர்மகர்த்தா பரமலிங்கத்தாருடையது; அவர் தண்ணீர் குடிக்க அப்போதுதான் எழும்பிப் போயிருந்தார். குருக்களுக்கு முழங்கை உரஞ்சல் மட்டும். விழுந்த வெட்கத்தில், கூடி நின்ற சனத்துக்கு முன்னால், ஊர்காவற்றுறை இராயப்பு கள்ள ஒயில் விட்டுத் தன்னைக் கொல்லப் பார்த்தான், அவன் ஒரு கள்ளன் என்று சத்தம் போட்டுவிட்டார். ஐயர் வாயால் வந்த சொல் மத்தியானத்துக்கு முன்னமே ஊர்காவற்றுறை துறையடிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கொட்டிலில் வள்ளத்து எஞ்சினும் மோட்டார் சைக்கிளும் திருத்திச் சீவிக்கிற இராயப்புவிடம் விட்டிருந்த வண்டிகளை இரண்டு பேர் வந்து உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிழை எங்கே என்று தானே பார்க்க வந்த இராயப்பு, வந்ததும் வராததுமாக இதையெல்லாம் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததாகச் சொன்னார். செவ்வாயிலிருந்தே பர்வதவர்த்தினியின் நெஞ்சுக்குள் ஒரு சந்தேகம் கிடந்து அரித்தது. அதை அவள் யாரிடம் கேட்பாள்?

“பிடியுங்கோ அம்மா.”

பிடித்தாள். பிடி எதிர்ப்பில்லாமல் உள்ளே போனது. கீழே ஸ்பனர் திரும்பியது. நிப்பிளில் செருகியிருந்த மெல்லிய குழாயால் ஒயில் ஓடிப் போத்தலுக்குள் விழுந்தது. பூட்டிவிட்டு, விடுங்கோ என்றார். விட்டாள். நிப்பிள் திறந்திருக்கிற நேரம் தப்பித்தவறியும் கையை விட்டுவிடக் கூடாது, விட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தார். பிடி, திற, பூட்டு, விடு. மேலே கிண்ணத்துக்குள் புது ஒயில் விட்டு விட்டுத் திருப்பித் திருப்பிச் செய்தார்கள். காற்றுக் குமிழ் வருவது நின்ற பிறகும் பிடி பஞ்சாகத்தான் இருந்தது.

இராயப்பு போத்தலைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்தார். உள்ளே ஒயில் இரண்டு படையாகப் பிரிந்து நின்றது. மேலே நின்ற மஞ்சள் படையை அவளுக்கு மணந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் போத்தலைச் சரித்தும் நிமிர்த்தியும் பார்த்தார். பிறகு, ஐயா சொன்னது சரிதான், பிழை என்னுடையதுதான் என்றார். யாழ்ப்பாணத்தில் கடையொன்றில் தெரியாத கொம்பனியின் ஒயில் ரின் ஒன்றை வாங்கி, அதிலிருந்துதான் குதிரைக்கும் விட்டாராம். அதில் எவனோ கலப்படம் செய்திருக்கிறான். அவர் சாமான்களை அவசர அவசரமாகப் பெட்டிக்குள் போடத் தொடங்கினார். அதே ரின்னிலிருந்துதான் ஆழ்வாப்பிள்ளையின் வானுக்கும் ஒயில் விட்டிருந்தார். பின்னேரம் அது சனத்தை ஏற்றிக்கொண்டு பண்ணைப் பாலத்தால் வரும். அதை எங்கேயாவது மறித்து நிறுத்த வேண்டும். இனி இந்தத் தொழிலே வேண்டாம், தமையனோடு கடலுக்குப் போகிறேன் என்று, அவளுக்கென்று இல்லாமல், நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

பேசாமல் நின்றால் போய்விடுவார். அவள் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லை. அவ்வளவு சுகமான வழி ஒன்று கண்ணுக்கு முன்னால் திறந்து கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. இராயப்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையடி மட்டும் போய்விட்டார்.

“இராயப்பு, உங்கடை ரின்னிலை பிழையில்லை. நான்தான் நல்லெண்ணெய் விட்டனான்.”

அவர் பெட்டியை வைத்தார். விளங்காதவர்போலத் திரும்பி வந்தார். எப்போது, எவ்வளவு, ஏன் என்று கேட்டார். அவள் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொன்னாள். ஏசுவார் என்று பார்த்தாள். அவர் வேம்படியில் அப்படியே குந்திவிட்டார். அப்போ வானுக்கு ஒன்றுமில்லை, வானுக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு எழும்பி, பிறேக்கை மேலும் கீழும் கழற்றினார். உள்ளே இருந்த றப்பர்கள் எண்ணெய் குடித்து ஊதிப்போயிருந்தன; ஒன்றை நசுக்கிக் காட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று புது றப்பர் கொண்டுவந்திருந்தார். குழாயை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, எல்லாவற்றையும் திரும்பப் பூட்டும்போதுதான் வாய் திறந்தார்.

“ஐயாவுக்கு றப்பர் பழசாப் போச்சு எண்டு சொல்லுவம். உங்களுக்கும் கரைச்சல் இல்லை. எனக்கும் அது காணும்.”

அது போதாது, காணவே காணாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். றப்பர் பழசு என்கிற கதை மண்கும்பானுக்கும் போகாது, துறையடிக்கும் போகாது. இராயப்பு திரும்பவும் முன்சில்லடியில் குந்தினார். பிடியுங்கோ என்றார், பிடித்தாள். முதலில் குமிழ் குமிழாக வந்தது. பிறகு வரவரக் குறைந்தது. பிடி அவளுடைய விரல்களை எதிர்க்கத் தொடங்கியிருந்தது. உள்ளே ஏதோ ஒன்று இறுகிக்கொண்டு வருவது கைக்குத் தெரிந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

இன்னும் ஒருக்கால் செய்தால் சரி என்றார் இராயப்பு. அவள் அமத்திப் பிடித்தாள், அவர் நிப்பிளைத் திறந்தார், பிடி மெல்ல இறங்கி ஹாண்டிலைத் தொட்டது. அந்த நேரம் பார்த்துக் குருக்கள் குடையோடு படலையைத் தாண்டி வந்தார். மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனைவியையும் முன்சில்லடியில் குந்தியிருக்கிற இராயப்புவையும் கண்டு நின்றுவிட்டார்.

“இஞ்சரும், என்ன உது? கையை எடுத்துப்போட்டு உள்ளுக்குப் போம்.”

“இப்ப விட ஏலாது. விட்டால் காத்துப் பூந்திடும்.”

இராயப்பு நிமிராமலே, றப்பர் பழசாய்ப் போய்விட்டது ஐயா என்று தொடங்கினார்.

“இல்லை,” என்றாள் பர்வதவர்த்தினி. “றப்பரும் பழசில்லை, இவரிலையும் பிழையில்லை. ஒயில் குறைஞ்சு கிடந்தது எண்டு நான் வெள்ளிக்கு வெள்ளி நல்லெண்ணெய் விட்டனான். அதிலைதான் பிறேக் போனது.”

குருக்கள் அவளைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். பிறகு அவருடைய வாயோரம் மெல்ல அசைந்தது. அந்த அசைவை அவளுக்குத் தெரியும். கதை ஒன்று அங்கே உருவாகிக்கொண்டிருந்தது.

“சிரியுங்கோ,” என்றாள். “நாளைக்கு மண்கும்பானிலை, பரமலிங்கத்தாருக்கு முன்னாலை, சனத்துக்கு முன்னாலை இந்தக் கதையைச் சொல்லிச் சிரியுங்கோ. அங்கை வைச்சுத்தானே இவரைக் கள்ளன் எண்டனீங்கள். அங்கை வைச்சே சொல்லோணும்.”

சொல்லோணும் என்ற சொல்லை இந்த வீட்டில் அவள் பாவித்ததில்லை. குருக்களின் வாயோரம் நின்றுவிட்டது. குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். கையை எடும் என்று இரண்டாம் தரம் சொன்னபோது குரல் முன்னையதைவிடத் தாழ்ந்திருந்தது.

அவள் எடுக்கவில்லை. நாலு விரலும் விறைத்துப் போயிருந்தன. கீழே மெல்லிய குழாய்க்குள் ஒயில் ஒரு குமிழும் இல்லாமல் தெளிவாக நின்றது. பூட்டுகிற நேரம் எப்போதோ வந்துவிட்டது; பூட்டினால் அவள் கையை எடுக்கலாம். இராயப்பு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்பனர் நிப்பிளில்தான் இருந்தது. அவர் அதைத் திருப்பவில்லை.