பூவளையத்தில் தம்பி பெயர்

சான் ரமோன் ஆபீஸ் பார்க்கிங்கில், காருக்குள் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்தபோது மகள் ரெபெக்கா வீடியோவில் வந்தாள். இங்கிருந்து ஸ்பெயினுக்குப் படிக்கப் போனவள். மலாகாவுக்குப் பக்கத்தில் ஏதோ மீனவ ஊரில் உத்தரிய மாதா திருவிழாவாம். கடற்கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து என்றைக்கோ கட்டிய காவல் கோபுரம், அதன் கீழே சரியான கூட்டம். வெள்ளைச் சட்டை போட்ட ஆண்கள் மாதா சுரூபத்தைத் தோளில் சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகில் ஏற்றினார்கள். எங்கள் குமரிக் கடற்கரையில் தேருக்கு நேர்ச்சையாக உப்பும் நல்லமிளகும் போடுவோம். இவர்களுக்கு அதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன். எனக்குக் கொழுப்புதான்!

"அம்மா, எல்லார்ட்டயும் பேர் கேக்கறாங்க. கார்டுல எழுதி பூவளையத்துல கட்டுவாங்களாம். ஜெரிஷ் மாமா பேர் குடுக்கவா?"

ஜெரிஷ் என் தம்பி. ஒக்கிப் புயலன்று ஆழ்கடலில் இருந்தவன். உடல் கிடைக்கவில்லை. எட்டு வருஷமாகப் போகிறது, அவன் சுகமாய்த் திரும்பி வரவேண்டுமென்று பூசை வைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் மனைவி பிரீத்தி, ஆத்தும இளைப்பாற்றிக்குப் பூசை வைப்போமா என்று கேட்கும்போதெல்லாம், "எனக்க தம்பியக் கொல்லாத பிள்ளே" என்று போனை வைத்துவிடுவேன். எங்கள் ஊர்த் தேரில் போடுகிற பெயர்ச்சீட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுந்தான்.

"இதக் கேக்கவா செய்யணும்? எழுது மக்களே!"

எழுதினாள். படகு பூவளையத்தோடு கடலுக்குள் போயிற்று. திடீரென்று கூட்டம் மொத்தமும் பேச்சை நிறுத்தியது. யாரோ ஒரு பெண் ரெபெக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அவ எதுக்கு அழுறா?"

"அவங்க ஹஸ்பண்ட் பேரும் அதுல இருக்கும்மா. இது கடல்ல செத்தவங்களுக்கு. யூ நியூ தட், ரைட்?"

அட பாவி! செத்தவர்களோடு அவன் பேரை எழுத என் வாயாலேயே சொல்லிவிட்டேனே. "ஓடு, திருப்பி வாங்கு!" என்று கத்தினேன்.

"ஹவ், அம்மா? தண்ணில போட்டாச்சு."

போனை வைத்துவிட்டு அழுதேன். அழ அழ நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அதுதான் எனக்குப் புரியவில்லை. அவன் இருக்கிறானா செத்தானா என்று இன்னும் தெரியாது. அப்புறம் எனக்கு எதற்கு இந்த நிம்மதி? வெட்கமாக இருந்தது. பிரீத்தியிடம் சொல்லிவிட வேண்டும், நீ கேட்ட பூசையை வைத்துக்கொள் என்று. ஊரில் இப்போது நடுராத்திரி என்பது ரிங் போன பிறகுதான் உறைத்தது.

முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"மைனி," மூச்சு வாங்கியது அவளுக்கு, "அவிய வந்தாச்சா?"

சுவிட்சைத் தட்டும் சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டுவிட்டாள்.