நாற்பத்தெட்டு, பச்சை

காலை ஆறேகாலுக்கு என் போன் அடித்தால் அது அண்ணன்தான். வேறு யாருக்கும் அந்த நேரத்தில் என் ஞாபகம் வராது. எழுந்தாயா, டீ குடித்தாயா என்றெல்லாம் கிடையாது. "டேய், நம்பர் என்ன?" என்பார். நான் லாரியின் கண்ணாடி வழியாக, நாற்சந்தி சிக்னலுக்கு மேலே தொங்கும், காற்றின் தரம் காட்டும் பலகையை எட்டிப் பார்த்து, "நாப்பத்தஞ்சுண்ணே, பச்சை" என்பேன். "சரி, ஷூவ மாட்டுறேன்" என்று வைத்துவிடுவார். எட்டு மாதம் இப்படியே போனது.

அண்ணன் இருபத்தேழு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். பீடி, சிகரெட், குடி எதையும் அண்டவிட்டதில்லை. போன வருடம் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இடது கை மரத்துப்போய், வியர்த்துக் கொட்டி, எப்படியோ வண்டியை ஓரம் கட்டிவிட்டார். பயணிகளைப் பார்த்து "அடுத்த பஸ்ல ஏறிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சரிந்தார். அண்ணன் அப்படிப்பட்ட மனுஷன். ஆஸ்பத்திரியில் இதய டாக்டரம்மா, "புகை பிடிப்பீங்களா?" என்று கேட்டார். "வாசனைகூடத் தெரியாதும்மா" என்றார் அண்ணன். "என்ன வேலை?" "டவுன் பஸ் டிரைவர்." டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "அப்ப உங்களுக்குத் தெரியாமலே பிடிச்சிருக்கீங்க."

அப்புறம் அண்ணன், அண்ணி, நான் என்று எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து விளக்கினார். "கண்ணுக்குத் தெரியாத தூசி நுரையீரலோட நிக்காது. ரத்தத்துல இறங்கி இதயக் குழாயையும் கெடுக்கும். காத்து மோசமா இருக்கிற நாள்ல எங்களுக்கு நெஞ்சுவலி கேஸ் கூடுதலா வருது. தினமும் நடங்க, ஆனா காத்தோட நம்பரப் பாத்துட்டு நடங்க. அம்பதுக்குள்ள இருந்தா நல்லது. நூறைத் தாண்டினா படி இறங்காதீங்க." அண்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நம்பருக்கென்னம்மா, என் தம்பி அந்தப் பலகைக்குக் கீழதான் நிக்கிறான்" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்க், பின்னால் பீரங்கி மாதிரி ஒரு குழாய். திறந்தால் தண்ணீர் பொடிப்பொடியாகப் பறக்கும், தூசி அடங்கும். எனக்குப் பெண் பார்த்த காலத்தில் அண்ணன், "தம்பி என்ன பண்றான்னு கேட்டா, தண்ணி அடிக்கிறான்னு சொல்லவா?" என்று கேட்டே மானத்தை வாங்குவார். காலையில் அந்தப் பலகையடியில் ஆரம்பித்து, நான் ஊர் முழுக்கச் சுற்றி அடிப்பதாக வீட்டில் நினைத்திருந்தார்கள். முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு, காற்றை அளக்கும் வெள்ளைப் பெட்டியை அந்த நாற்சந்தி மூலையில் கம்பிக் கூண்டுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். பெட்டியின் எண்தான் பலகையில் வரும். அடுத்த வாரமே சூப்பர்வைசர் வந்து, "பெட்டியச் சுத்தி மட்டும் அடி. காலைல நாலு மணியிலேர்ந்து எட்டு வரைக்கும் நகரக் கூடாது" என்றார். "பாலத்துப் பக்கம்?" என்று கேட்டேன். அண்ணன் வீடு அந்தப் பக்கம்தான். "பாலத்துக்கு அடியில பெட்டி இருக்கா?" என்றார்.

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தெரிந்தேதான் அடித்தேன். ஆனால் தண்ணீர் அடித்தால் கொஞ்சமாவது சுத்தமாகத்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சை என்றதும் அண்ணன் குரலில் வரும் உற்சாகத்தைக் கெடுக்கவும் மனம் வரவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். கோழை என்பதற்கு வேறென்ன அடையாளம் வேண்டும்?

அன்றைக்குக் காலை ஏழெட்டு வண்டிகளுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கண் எரிந்தது. தூக்குச்சட்டியில் வைத்த டீயிலும் புகை வாடை. ஆறேகாலுக்குப் போன் வந்தது.

"டேய், நம்பர் என்ன?"

"நாப்பத்தெட்டுண்ணே."

"எதிர்வீட்டு மாடியே தெரியலடா. தொண்டை வேற கரகரங்குது."

சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. "பனிண்ணே" என்றேன். "பலகையில பச்சைதான்."

"மிஷின் பொய் சொல்லாதுல்ல" என்று சிரித்தார். பின்னால் அண்ணியின் குரல், "நேத்தும் ஏமாத்திட்டீங்க, இன்னைக்கு நடந்தே ஆகணும்" என்றது. அண்ணன் ஷூவை மாட்டியிருப்பார்.

பாலத்துக்கு அடியில், பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் விழுந்தார். அவர் ஓட்டிய வழித்தடத்து பஸ்ஸில்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டரம்மாவிடம் நான் தனியாகக் கேட்டேன், காற்றினாலா என்று. "ஏற்கெனவே பழுதான இதயம். இந்த ஒரு காரணம்தான்னு யாராலயும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது" என்றார். பேனாவை மூடிவிட்டு, "ஆனா அன்னைக்கு அவர் வெளிய வந்திருக்கக் கூடாது" என்றார்.

வீட்டில் அண்ணி வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சைத்தான் பேசினார். "நான்தான் விரட்டினேன். அவர் தொண்டை சரியில்லைன்னுதான் சொன்னார். நான்தான் தள்ளாத குறையா வெளிய அனுப்பினேன்." நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்து, "உங்க தப்பு இல்ல அண்ணி" என்றேன். யாருடைய தப்பு என்று சொல்லவில்லை. அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். அந்த ஈரம் பட்ட சட்டையைத் துவைத்துக் காயப்போட்ட பிறகும் என்னால் போட முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அதே மூலை, அதே பீரங்கி. அன்றைக்கும் புகை மண்டிக் கிடந்தது. ஆறேகாலுக்குப் போன் அடித்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது.

"தம்பி, நான்தான்" என்றார் அண்ணி. "எனக்கும் பிரஷர் இருக்காம். டாக்டரம்மா நடக்கச் சொல்லியிருக்காங்க. அவரோட ஷூ எனக்குச் சரியா இருக்கு. நம்பர் என்ன?"

நிமிர்ந்து பார்த்தேன். நாற்பத்தாறு. பச்சை.

"அண்ணி, வெளிய வராதீங்க" என்றேன். "அந்த நம்பர நம்பாதீங்க. அளக்குற பெட்டிய நான் சுத்திச் சுத்தி நனைச்சுக்கிட்டே இருக்கேன். அதனாலதான் பச்சை. இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் பச்சை."

நான் இறங்கிப் போய்க் குழாயை மூடினேன். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அன்னைக்கும் அடிச்சீங்களா, தம்பி?"

"அடிச்சேன், அண்ணி."

அவர் திட்டவில்லை, வைக்கவும் இல்லை. குழாய் வாயிலிருந்து நீர் சொட்டிச் சொட்டி நின்றது. பலகையில் எண் அசையவில்லை. அது ஒரு மணி நேரச் சராசரி, தண்ணீரை நிறுத்தினாலும் சட்டென்று ஏறாது. ஒரு பெரியவரும் அவர் மனைவியும் நடந்து வந்து பலகைக்குக் கீழே நின்றார்கள். அந்த அம்மா எண்ணைப் பார்த்துவிட்டு, மூக்கை மூடியிருந்த துணியை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைத்தார். இரண்டு பேரும் கைவீசிப் பாலத்துப் பக்கம் நடந்தார்கள்.